கோயில் நிகழ்ச்சி நிரலை வேர்டில் தட்டும்போது செய்யக் கூடாதவை

இந்த வருஷம் மொரீஷியஸில் எங்கள் கோயிலில் தைப்பூசக் காவடி நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் வேலையை இரண்டு இளைஞர்களிடம் ஒப்படைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பல வருஷத்துக்கு முன்பு நான் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தேனோ, அங்கேயே அவர்களும் விழுகிறார்கள். ஸ்பேஸ் தட்டி வரிசைப்படுத்தக் கூடாது என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

எழுத்துருவும் கூடவே போகும் என்று நம்புவது

கொடியேற்றத்திலிருந்து காவடி வரை பத்து நாள். நாளுக்கு ஓர் உபயதாரர். அப்போது நான் இடப்பக்கம் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் தேதிகளைப் பிரெஞ்சில் போட்டேன். வலப்பக்கம் இன்னொரு பாக்ஸில் பெயர்களைத் தமிழில், இணையத்தில் இறக்கிய ஒடுக்கமான எழுத்துரு ஒன்றில் தட்டினேன். என் திரையில் தேதிக்கு நேரே பெயர் கச்சிதமாக நின்றது. வேர்டு கோப்பை யூஎஸ்பியில் போட்டு ரோஸ் ஹில்லில் ஓர் அச்சகத்தில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. வேர்டு சத்தமில்லாமல் நிர்மலா என்ற எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொண்டது. அது அகலமான எழுத்து. நாலாம் நாள் குடும்பத்தின் நீளமான பெயர் மடிந்து இரண்டு வரியானது. ஐந்தாம் நாள் பெயர் ஆறாம் நாள் தேதிக்கு நேரே இறங்கியது. அதற்குக் கீழே எல்லாம் ஒரு படி சரிந்தன. பாக்ஸின் உயரம் மாறாததால் பத்தாம் நாள் பெயர் அடியில் மறைந்தே போனது. 300 பிரதி. ஐந்தாம் நாள் உபயம் ஓர் அம்மா தன் கணவர் நினைவாகக் கொடுத்தது. "தம்பி, எங்க நாள்ல வேற வீட்டுப் பேர் இருக்கே" என்று போனில் கேட்டார். மறுநாள் கொடியேற்றம். கையால் திருத்தி ஒட்டினோம்.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: எழுத்துரு மாறிய பிறகும் வேர்டில் எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியில் பழைய எழுத்துருவின் பெயரே நிற்கும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். விண்டோஸோடு வருவதுதானே என்று லதா எழுத்துருவையும் நம்பாதீர்கள். விண்டோஸ் 10 முதல் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால்தான் அது வரும்.

செய்ய வேண்டியது: ஒரு நாளுக்கு ஒரு வரிசையாக, கோடு தெரியாத ஒரே டேபிளில் தேதியையும் பெயரையும் வையுங்கள். பெயர் மடிந்தாலும் தேதி அதை விட்டுப் பிரியாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்பதில் டிக் போடுங்கள். அதன் கீழே பொதுவான சிஸ்டம் எழுத்துருக்களைச் சேர்க்காதே என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில எழுத்துருக்களின் உரிமம் இப்படிச் சேர்க்க விடாது. ஆகவே அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டுமே போகட்டும். அடோப் ரீடரில் கன்ட்ரோல்-டி அழுத்தி, ஃபான்ட்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி'

இதை வைத்தால் வரியின் உயரம் எழுத்துக்கு ஏற்ப மாறாது. பிரெஞ்சு வரிக்குப் பொருந்தும் அளவு தமிழுக்குப் போதாது. 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்படும், 'கூ'வின் வால் கீழே. 'அட் லீஸ்ட்' வையுங்கள்.

பக்கம் தள்ள என்டர் என்டர்

கன்ட்ரோல்-என்டர். ஒரே தட்டு.

முருகன் படம் ஓடுவது

'இன் லைன் வித் டெக்ஸ்ட்' வைத்து, டேபிளின் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். அந்த டேபிளின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ளடக்கத்துக்கு ஏற்ப அளவு மாறும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

தாள்

ஏ4. 210-க்கு 297 மில்லிமீட்டர். வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரிக் கோப்பு 'லெட்டர்' என்ற அமெரிக்கத் தாள் அளவில் இருந்தால் முதல் எழுத்து தட்டும் முன்பே மாற்றுங்கள். அது 18 மில்லிமீட்டர் குட்டை. எல்லாம் முடித்த பிறகு மாற்றினால் ஒவ்வொரு பக்கமும் வேறிடத்தில் முடியும்.