சென்ட்ரல் பார்க்கில் வலசைப் பறவைகள்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

நியூயார்க்கில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே மூன்றாம் வாரம் வரைதான் வசந்தகால வலசையின் சீசன். தெற்கே குளிர்காலத்தைக் கழித்த வார்ப்ளர்கள் (பூச்சி, புழு தின்னும் சின்னஞ்சிறு பறவைகள்) இரவில் வடக்கு நோக்கிப் பறக்கின்றன. விடியும்போது சுற்றிலும் கட்டடங்கள், நடுவில் 843 ஏக்கர் பச்சை. அதனால்தான் இந்தப் பூங்காவில் அவ்வளவு பறவைகள் இறங்குகின்றன.

முந்தைய இரவு தென்மேற்குக் காற்று வீசினால் காலையில் கிளம்பிவிடுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் பேர்ட்காஸ்ட் தளத்தில் ரேடார் வரைபடம் இருக்கிறது, தூங்கப் போகுமுன் பாருங்கள். வடக்குக் காற்றென்றால் புதுவரவு குறைவு.

பைனாகுலர் 8×42 வாங்குங்கள் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்). 10× வேண்டாம்: கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் குறுகும். இலைகளுக்குள் தாவும் ஐந்து அங்குலக் குருவியை அதில் பிடிப்பது கஷ்டம். ஜூம் வைத்ததைத் தொடவே தொடாதீர்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது டயாப்டரில். இரு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம் அது, பெரும்பாலும் வலது கண்வில்லையைச் சுற்றி இருக்கும். தூரத்துப் பலகை ஒன்றைக் குறிவையுங்கள். வலது முன்வில்லையை உள்ளங்கையால் மூடி, இரு கண்களையும் திறந்தபடியே, நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது முன்வில்லையை மூடுங்கள். இப்போது நடுச்சக்கரத்தில் கை படக்கூடாது. வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு கண்ணுக்கு எப்போதும் மங்கலாகவே தெரியும், அரைமணியில் தலை வலிக்கும். பையில் உரசி வளையம் நகர்ந்துவிடும், ஆகவே அது நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குவளைகளை முழுக்க உள்ளே திருகுங்கள், இல்லையென்றால் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரியும்.

பறவை அசைந்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அகப்படவில்லையா? கருவியைக் கீழிறக்கி, வெறுங்கண்ணால் மறுபடி கண்டுபிடியுங்கள். கருவிக்குள்ளிருந்தே கிளை கிளையாகத் துழாவினால் சிக்காது.

முதலில் பூங்காவுக்குள் காடுபோல் இருக்கும் ராம்பிள் பகுதிக்குப் போங்கள். வெயில் முதலில் விழும் மர உச்சிகளில், குறிப்பாகப் பூத்திருக்கும் ஓக் மரங்களில், வார்ப்ளர்கள் புழுப் பொறுக்கும். நிறத்தைவிட நடத்தையைக் கவனியுங்கள். அடிமரத்தில் ஊர்ந்து ஏறுவது கறுப்பு-வெள்ளை வார்ப்ளர். தரையில் ஓயாமல் வாலாட்டுவது பாம் வார்ப்ளர். வாலை விசிறியாக விரித்து ஆரஞ்சுத் திட்டு காட்டுவது ஆண் ரெட்ஸ்டார்ட். இடுப்பில் மஞ்சள் திட்டு இருந்தால் யெல்லோ-ரம்ப்ட். இந்த நான்கும் வசப்பட்டால் மற்றவை எளிது.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடவே கூடாது. இரவெல்லாம் பறந்து வந்த உயிர் இரை தேடும் நேரம் அது, போட்டிப் பறவை வந்துவிட்டதென்று பதறி அலையும்.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தால் மதியம் ராம்பிளில் உள்ள அசேலியா குளத்தருகே அசையாமல் உட்காருங்கள். உச்சிக்கிளையில் இருந்தவை குளிக்கக் கீழே வரும்.