அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் எந்த வகுப்பு? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர், அங்கே பதினொன்றில் சேர்த்துக்கொள்வார்கள் என்று உறுதியாக நம்பிப் போகிறார்கள். ஆனால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில், படித்த ஆண்டுகளை எண்ணாமல், தேறிய பாடங்களுக்குக் கிடைத்த ‘கிரெடிட்’ எனும் பாட அலகுகளைக் கூட்டியே மாணவரின் வகுப்பை முடிவு செய்யும் பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) அங்கே ஏராளம்.

ஆகவே, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை விட்டுச் செல்வதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். பொதுத்தேர்வுச் சான்றிதழைப் பொன்போல் பாதுகாக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டோ பழைய பேப்பரோடு போய்விடுகிறது. உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஒன்பதிலிருந்தே தொடங்குவதால், அந்த ஒரு தாள் இல்லாமல் ஓராண்டுப் படிப்பே கணக்கில் ஏறாமல் போகக்கூடும். தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் உள்ள பட்டியலைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்ற குறிப்பும் அதில் இருக்கட்டும். டெக்சஸில் தேர்ச்சி மதிப்பெண் 70 என்பதால், குறிப்பு இல்லாத 62 அங்கே தோல்வியாகத் தெரியும்.

பாடத்திட்டத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். நம் பட்டியலில் ‘அறிவியல் 78’ என்று ஒரே வரிதான் இருக்கும்; அங்கே உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் தனித்தனிப் பாடங்கள் என்பதால், எதற்குக் கிரெடிட் கொடுப்பது என்பது அந்த ஒற்றை வரியிலிருந்து கவுன்சிலருக்கு, அதாவது மாணவரின் பாடங்களைக் கவனிக்கும் பள்ளி ஆலோசகருக்கு, விளங்காது. தமிழ் மதிப்பெண்ணைப் பிறமொழிப் பாடமாக ஏற்கும் மாவட்டங்களும் உண்டு. வாய்விட்டுக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்லும் எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. ஓராண்டுப் பாடத்துக்கு டெக்சஸில் 1 கிரெடிட், நியூ ஜெர்சியில் பொதுவாக 5. நியூ ஜெர்சியில் 30 என்பதும் டெக்சஸில் 6 என்பதும் ஏறக்குறைய ஒரே அளவுப் படிப்பு.

கூட்டுத்தொகை சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைவதிலும் ஆபத்து இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் வைக்கப்போதுமான கிரெடிட் இருந்தும், கட்டாயப் பாடமொன்று விடுபட்டதால் பள்ளிப் படிப்பை உரிய காலத்தில் நிறைவு செய்ய முடியாமல் போகலாம். டெக்சஸில் ஆங்கிலத்துக்கு மட்டுமே 4 கிரெடிட் வேண்டும்.

ஆங்கிலம் பழகட்டும் என்று ஓராண்டு குறைத்துச் சேர்க்கும்படி கேட்பவர்கள், பிள்ளை விளையாட்டில் ஆர்வமுள்ளவராக இருந்தால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். டெக்சஸில், ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலில் சேர்ந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குத்தான் பள்ளி அணிப் போட்டிகளில் ஆடலாம். வகுப்பைக் குறைத்துக்கொண்டாலும் அந்தக் காலம் நீளாது.

எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது என்ற விவரத்தை, வகுப்புகள் தொடங்கும் முன்பே கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, விடுபட்ட பாடம் இருந்தால் அப்போதே முறையிடுங்கள். கால அட்டவணை நிரம்பிய பிறகு பாடத்தை மாற்றுவது கடினம்.