காற்றாலை பவர் கர்வ் சோதனை: மாஸ்ட்டில் தொடங்கும் தவறுகள்

எந்த வேகத்தில் காற்று அடித்தால் எத்தனை கிலோவாட் கிடைக்கும் என்று காட்டும் கோடுதான் பவர் கர்வ். இயந்திரத்தை வாங்குபவரும் கடன் கொடுக்கும் வங்கியும் இந்தக் கோட்டை நம்பித்தான் கணக்குப் போடுகிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இதற்காகவே கயத்தாறில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. அளக்கும் முறையை ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61400-12-1 தரநிலை வரிவரியாகச் சொல்கிறது. அப்படியிருந்தும் சோதனைகள் கெடுகின்றன. பெரும்பாலும் கோளாறு இயந்திரத்தில் இருப்பதில்லை, காற்றை அளந்த விதத்தில்தான் இருக்கும். அளக்கும் கருவிகளைத் தாங்கி நிற்கும் உயரமான கம்பம்தான் மாஸ்ட்.

காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். உண்மையில் 8 மீ/வி அடிக்கும் காற்றை அனிமோமீட்டர் என்ற காற்றுவேக மானி 8.2 என்று காட்டினால், பிழை 2.5 சதவீதம்தான். ஆற்றல் கணக்கில் அதுவே ஏறக்குறைய 7.7 சதவீதம் ஆகிவிடும். நல்ல இயந்திரம் மட்டமானதாகத் தெரியும். பிழை எதிர்ப்பக்கம் இருந்தால் மட்டமானது நல்லதாகிவிடும்.

திருத்தவே முடியாத தவறு ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நிலம் மேடுபள்ளமாக இருந்தால், மாஸ்ட் நிற்கும் இடத்துக் காற்றும் காற்றாலை நிற்கும் இடத்துக் காற்றும் ஒன்றாக இருக்காது. இரண்டு இடத்திலும் மாஸ்ட் நட்டு, அந்த வேறுபாட்டை முன்கூட்டியே அளக்க வேண்டும். சைட் காலிப்ரேஷன் என்பது இதுதான். ஒவ்வொரு 10 டிகிரி திசைப் பிரிவுக்கும் குறைந்தது 24 மணி நேரத் தரவு வேண்டும். காற்றாலை டவரைத் தூக்கி நிறுத்திய பிறகு இந்த வேலை நினைவுக்கு வந்து பயனில்லை. இரண்டாவது மாஸ்ட் நிற்க வேண்டிய இடத்தில் அப்போது இயந்திரம் நிற்கும். ஆகவே அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும் முன்பே நில அமைப்பைப் பார்த்து முடிவெடுங்கள்.

காற்றாலைக்கும் மாஸ்ட்டுக்கும் உள்ள தூரம் ரோட்டர் (சுழலும் இறக்கைத் தொகுதி) விட்டத்தைப் போல 2 முதல் 4 மடங்குக்குள் இருக்க வேண்டும். 2.5 மடங்கு சிறந்தது. 100 மீட்டர் ரோட்டருக்கு 250 மீட்டர். எந்தப் பக்கம் நடுவது என்பதும் முக்கியம். கயத்தாறு வட்டாரத்தில் சீசன் காற்று மேற்கிலிருந்து வருவதால் மாஸ்ட்டும் மேற்கே நிற்க வேண்டும். காற்று கிழக்கிலிருந்து வீசினால் ரோட்டர் கலக்கிவிட்ட காற்றுதான் மாஸ்ட்டுக்கு வரும். 2.5 மடங்கு தூரத்தில் இப்படி ஒதுக்க வேண்டிய திசைப்பரப்பு சுமார் 74 டிகிரி. பக்கத்துக் காற்றாலைகள் கலக்கிவிடும் காற்றுக்கும் இதே கணக்கு உண்டு. அதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

மாஸ்ட் செலவை மிச்சப்படுத்த, நசெல் (டவர் உச்சியில் இருக்கும் இயந்திரப் பெட்டி) மேல் இருக்கும் அனிமோமீட்டர் அளவையே எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அது ரோட்டருக்குப் பின்னால் இருப்பது, இறக்கை கலைத்த காற்றைத்தான் பார்க்கிறது. அதைப் பயன்படுத்தும் முறை 61400-12-2 என்ற தனித் தரநிலையில் இருக்கிறது, நேரடியாக எடுத்து ஒட்ட முடியாது. மாஸ்ட் உச்சியில் அனிமோமீட்டரை மாட்டும்போது இடிதாங்கிக் கம்பி எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அளக்கும் திசையில் அது கலைத்த காற்று அனிமோமீட்டர் மேல் படக்கூடாது.

இனி தரவுப் பக்கம். மாஸ்ட்டின் லாகரும் (தரவைப் பதியும் கருவி) மின்சாரத்தை அளக்கும் லாகரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். ஒன்று இந்திய நேரத்திலும் மற்றொன்று யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் இருந்தால் வித்தியாசம் 330 நிமிடம். அது பத்தால் வகுபடும் எண் என்பதால், 10 நிமிடச் சராசரி வரிசைகள் பிசிறில்லாமல் பொருந்தி உட்காரும், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. காலைக் காற்றுக்கு நேரே மாலை மின்சாரம் போய் நிற்கும். இரண்டு லாகரையும் ஜிபிஎஸ் நேரத்தில் பூட்டுங்கள். திசைச் சராசரியிலும் இப்படி ஒரு பொறி உண்டு. 350 டிகிரியையும் 10 டிகிரியையும் சாதாரணமாகக் கூட்டி வகுத்தால் 180, அதாவது தெற்கு வரும். உண்மை விடை வடக்கு. திசைகளை அம்புகளாகக் கருதிக் கூட்டும் வெக்டர் சராசரிதான் எடுக்க வேண்டும்.

காற்றடர்த்தித் திருத்தத்தைத் தவறான இடத்தில் போடுவதும் சகஜம். ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நிலையான அடர்த்தி 1.225 கிலோ/கனமீட்டர். 35 டிகிரி வெயிலில், 1000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில், உலர்ந்த காற்றின் அடர்த்தி சுமார் 1.13தான். இறக்கையைத் திருப்பிக் கட்டுப்படுத்தும் பிட்ச் வகை இயந்திரத்துக்கு அளந்த அடர்த்திக்கும் நிலையான அடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தால் காற்று வேகத்தைத் திருத்த வேண்டும். அதை விட்டுவிட்டு மின்திறனைத் திருத்தினால் 2000 கிலோவாட் இயந்திரம் சுமார் 2168 கிலோவாட் தருவதாக அறிக்கை சொல்லும். பெயர்ப்பலகையில் உள்ள திறனைத் தாண்டும் எண்ணைப் பார்த்தவுடன் இங்கேதான் தேட வேண்டும். மின்திறனைத் திருத்துவது, இறக்கை திரும்பாமல் நிலையாகப் பொருத்தப்பட்ட ஸ்டால் வகைக்கு உரிய முறை.

மொத்தம் 180 மணி நேரத் தரவும், அரை மீ/வி அகலமுள்ள ஒவ்வொரு வேகப் பிரிவிலும் குறைந்தது 30 நிமிடமும் வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் ஊர்தான், ஆனால் கருவிகள் ஆவணியில் வந்து சேர்ந்தால் உயர்வேகப் பிரிவுகள் நிரம்பாமல் அடுத்த சீசன் வரை காத்திருக்க நேரும். மே மாதத்துக்குள் எல்லாம் மாட்டி முடித்திருக்க வேண்டும். காற்றில்லாத நேரத்தில் இயந்திரம் கிரிட்டிலிருந்து (மின்கட்டமைப்பு) இழுக்கும் மின்சாரத்தையும் மைனஸ் குறியோடு பதியுங்கள். அதைச் சுழியமாக்குவது தவறு.

குறைவாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு புள்ளியையும் நீக்கக்கூடாது. கிரிட் போனது, உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது, கையால் நிறுத்தியது எல்லாம் இயந்திரத்தின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் சிக்னலில் பதிவாகியிருந்தால் மட்டுமே ஒதுக்கலாம்.

சோதனை முடிந்து அனிமோமீட்டரைக் கழற்றும்போது தூசியைத் துடைக்க வேண்டாம், பேரிங்கில் எண்ணெய் விட வேண்டாம். இருக்கிற நிலையிலேயே பெட்டியில் வைத்து, முன்பு அளவு பார்த்த அதே காற்றுச் சுரங்கத்துக்கு (விண்ட் டனல்) அனுப்புங்கள். 6 முதல் 12 மீ/வி வரை பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் வித்தியாசம் 0.1 மீ/வி-க்குள் இருந்தால்தான் அந்த சீசன் முழுக்கச் சேர்த்த தரவு செல்லும்.