இடைவெளிக்குப் பிறகு ஒப்பந்த வேலை: கையெழுத்துப் போடும் முன் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளை வளர்ப்பு, வீட்டில் ஒருவரின் நீண்ட நோய், ஊர் மாற்றம் என்று ஏதோ ஒரு காரணத்தால் சில ஆண்டுகள் வேலையை விட்டு நின்றவர்களுக்கு, திரும்பி வரும்போது முதலில் அமைவது பெரும்பாலும் ஒப்பந்த வேலையாகவே இருக்கிறது. கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும், புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைகளிலும் நிலைமை இதுதான். நான் 2016இல் கணக்குப் பிரிவு வேலையை விட்டு, 2022இல் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்வரும் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். அதன்பின் அக்கம்பக்கத்தில் இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான ஒன்று உண்டு: நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ‘இத்தனை வருடம் கழித்துக் கூப்பிட்டதே பெரிது’ என்று எண்ணி எதையும் கேட்காமல் இருந்துவிடுவதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு நேர்முகத்திலேயே நடந்துவிடுகிறது. “ஆறு வருஷம் என்ன செய்தீர்கள்?” என்று என்னைக் கேட்டபோது, மகளின் பிறப்பு, மாமியாரின் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள் மருத்துவமனை என்று பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் சொன்ன விதம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. தொலைபேசியில் பேசிய தொகையைவிட 3,000 ரூபாய் குறைத்து நேர்முகம் செய்தவர் சொன்னதும் நான் தலையாட்டிவிட்டேன். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன காரணம், இப்போது என்ன செய்யத் தெரியும் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதே போதுமானது. இதற்கு நேர்மாறாக, பயோடேட்டாவில் பழைய வேலையின் தேதிகளை நீட்டி எழுதி இடைவெளியை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்காக ஒருவருக்குத் தரப்படும் யுஏஎன் எண்ணின் பணி விவரப் பக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகி இருப்பதால் இது எளிதில் வெளிப்பட்டுவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

இடையில் தொழிலில் என்ன மாறியது என்று பார்க்காமல் போவது அடுத்தது. நான் வேலையை விட்டபோது வாட் என்னும் பழைய விற்பனை வரிக் கணக்கு இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டது, பிறகு மின்னணு விலைப்பட்டியல் வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களே மாற்றி அமைக்கப்பட்டன. ஆனால் இதற்காக ஆறு மாதப் படிப்பில் பணம் கட்டிச் சேர வேண்டும் என்பதில்லை. அதே வேலையில் இப்போது இருக்கும் பழைய தோழி ஒருவரின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தால், எது மாறியது, எது மாறவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேன்பவர் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் சேர்ந்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டால், நீங்கள் அந்த ஏஜென்சியின் ஊழியர்: பிஎஃப் உண்டு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, சட்டம் சார்ந்த பாதுகாப்பும் உண்டு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு வேலை வாங்கும் முதன்மை நிறுவனத்துக்கு உண்டு என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டு வரும் விதி. நேரடியாக நிறுவனத்துக்கு பில் கொடுத்துப் பணம் வாங்கினாலோ, நீங்கள் யாருடைய ஊழியரும் அல்ல. மேற்சொன்ன எதுவும் தானாக வராது. “நான் யாருடைய சம்பளப் பட்டியலில் இருப்பேன்?” என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஏஜென்சி என்றால், கையில் வரும் தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள். இஎஸ்ஐயில் ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. நிறுவனத்தின் பங்கை உங்கள் கூலியில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

நேரடி ஒப்பந்தத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் நாள் கட்டணம். பழைய மாதச் சம்பளம் 25,000 ரூபாய் என்றால், அதை 30ஆல் வகுத்து, 833 ரூபாய் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, 900 ரூபாய் கிடைத்ததும் மகிழ்ந்து போகிறோம். நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 365 நாளில் ஞாயிறு 52 போகும். மாதம் இரண்டு சனிக்கிழமை என்று 24 போகும். விடுமுறைகள் ஒரு 12. காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று இன்னொரு 12. மிஞ்சுவது 265 நாள். ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது அமைய இரண்டு மாதம் ஆகும் என்று வைத்தால் ஏறத்தாழ 45 நாள் கழியும். கையில் நிற்பது 220 நாள். இனி வரவுப் பக்கம்: பழைய ஆண்டுச் சம்பளம் 3,00,000, நிறுவனம் 15,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு என்று மாதம் 1,800 கட்டிவந்த பிஎஃப், ஆண்டுக்கு 21,600, நீங்களே எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 20,000. மொத்தம் 3,41,600 ரூபாய். இதை 220ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,550 ரூபாய் வருகிறது. பழைய நிலையில் நிற்பதற்கே நாளுக்கு இவ்வளவு வேண்டும். பேருந்துச் செலவைக்கூட இதில் நான் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்டது முழுவதும் கிடைக்காமல் போகலாம். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடலூரில் வீடும் புதுச்சேரியில் வேலையுமாக இருப்பவர்கள் விடுமுறைப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். நவம்பர் 1, ஆகஸ்ட் 16 ஆகியவை புதுச்சேரியில் அரசு விடுமுறை நாட்கள், தமிழ்நாட்டில் அல்ல. உங்கள் நிறுவனமும் அன்று மூடினால், நாள் கட்டணக்காரருக்கு அவை வருமானம் இல்லாத நாட்கள்.

அடுத்துச் சொல்லப்போவது சிறிய செய்திபோல் தெரியும். ஆனால் நான் கண்ட அழுகையில் பாதி இதனால் வந்தது. திருமணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது பிஎஃப் பதிவில் அப்பாவின் முதலெழுத்து இருக்கும். பிறகு ஆதாரில் கணவரின் முதலெழுத்தோ முழுப்பெயரோ ஏறியிருக்கும். பழைய யுஏஎன் கணக்கில் கொடுத்த கைப்பேசி எண்ணும் எப்போதோ கைவிட்டதாக இருக்கும். ஓடிபி யாருக்கோ போகும். புது ஏஜென்சி ஆதாரைப் போட்டுப் பார்த்துப் பெயர் பொருந்தாததால், “புதிதாக ஒரு எண் எடுத்துவிடலாம்” என்று சொல்லும். அதற்கு ஒப்புக்கொள்வதே தவறு. ஒருவருக்கு ஒரு யுஏஎன் தான் இருக்க வேண்டும். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி தேவை என்பதால், பழைய ஆண்டுகளும் புதிய ஆண்டுகளும் ஒரே எண்ணில் சேர்வது முக்கியம். எனவே வேலை தேடத் தொடங்கும் வாரத்திலேயே ஆதார், பான், வங்கிக் கணக்கு, பிஎஃப் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இடைவெளிக் காலத்தில் கைச்செலவுக்காகப் பிஎஃப் பணத்தையும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தப் பத்தாண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதை, இன்னும் எடுக்காதவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பில் கொடுத்து வேலை செய்பவர்களுக்குத் தொழில்முறைக் கட்டணம் ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பான் எண்ணை ஆதாருடன் இணைக்காமல் விட்டிருந்தால் அது செயலிழந்து கிடக்கும், பிடித்தமோ 20 விழுக்காடாகிவிடும். பிடித்ததோடு வரி முடிந்தது என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுவது பெரிய இழப்பு. 2025–26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி இல்லை. ஆகவே நான் மேலே போட்ட கணக்கின்படி சம்பாதிப்பவருக்குப் பிடிக்கப்பட்ட 34,000 ரூபாயும் தாக்கல் செய்தால் திரும்பி வரும், செய்யாவிட்டால் வராது. எல்லை தாண்டிய வேலை என்பதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சேவை அளிப்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை அது தேவையில்லை.

என் முதல் ஒப்பந்தத்தில், “அக்ரிமென்ட் அடுத்த வாரம் தருகிறோம்” என்ற வாய்ச்சொல்லை நம்பி நாற்பது நாள் வேலை செய்தேன். பணம் வந்து சேர மூன்று மாதம் ஆனது. கையில் ஒரு தாளும் இல்லாததால், ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்கும் நிலையில்தான் இருந்தேன். இன்று அதே நிலை வந்தால் இரண்டு காரியம் செய்வேன். ஒன்று, பேசி முடித்த அன்று மாலையே, “நாள் கட்டணம் இவ்வளவு, இந்தத் தேதி முதல், பில் கொடுத்து இத்தனை நாளில் பணம்” என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்குவேன். மற்றொன்று, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் என்னும் அரசுப் பதிவு. ஆதாரையும் பானையும் வைத்து இணையத்தில் நாமே இலவசமாகச் செய்துகொள்ளலாம். சேவை செய்யும் தனிநபருக்கும் அது கிடைக்கும். அப்படிப் பதிந்த குறுந்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, தாமதித்தால் கூட்டு வட்டி சேரும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திடுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எதிர்வீட்டுப் பெண், “அக்கா, நாளைக்குக் கையெழுத்துப் போடணும், ஒரு தடவை பாருங்க” என்று ஆறு பக்கத்தை நீட்டினாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: நிறுவனம் முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அவள் விலக வேண்டுமானால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், தராவிட்டால் அந்த 60 நாள் கட்டணத்தை அவளே கட்ட வேண்டும். “இதைக் கேட்டா வேலையே போயிடுமோ” என்பதுதான் அவளது பயம். மறுநாள் தொலைபேசியில் கேட்டாள். இருபக்கமும் 30 நாள் என்று அன்றைக்கே திருத்தி அனுப்பிவிட்டார்கள்.

ஒப்பந்தம் முடியும் நாளில் அவசரமாக வெளியே வருவதும் தவறுதான். அனுபவச் சான்றும், கடைசி பில்லுக்கான ஒப்புகையும், டிடிஎஸ் சான்றும் எப்போது, யாரிடமிருந்து வரும் என்பதை முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஏஜென்சி வழி வேலை என்றால், விலகிய தேதியை பிஎஃப் தளத்தில் அவர்கள் ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். ஏற்றாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உங்கள் யுஏஎன் கணக்கில் நுழைந்து நீங்களே அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம்.