கினோசாக்கி வெந்நீர் ஊருக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானில் இயற்கை வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன சிற்றூர் கினோசாக்கி. கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். அதனால் பலரும் கினோசாக்கியை ஒரு பகல் பயணமாகப் போட்டுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய தவறே இதுதான். இந்த ஊர் கண்விழிப்பதே மாலையில்தான். விடுதியில் தரும் யுகாதாவை (மெல்லிய பருத்தி கிமோனோ) உடுத்து, மரச்செருப்பு டக் டக்கென்று ஒலிக்க, வில்லோ மரங்கள் நிற்கும் ஓதானி ஆற்றங்கரையில் ஒரு குளியல்கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதற்காகத்தான் இங்கே வருகிறோம். ஒரு ராத்திரியாவது தங்குங்கள். விடுதி விருந்தினருக்குப் பொதுக் குளியல்கூடங்களுக்கான நுழைவுச்சீட்டும் சேர்த்தே கிடைக்கும்.

அடுத்தது, பெரிய குளியல் தொட்டி உள்ள விடுதியாகத் தேடுவது. இங்கே விடுதித் தொட்டிகள் பொதுவாகச் சிறியவைதான், அதற்குக் காரணமும் உண்டு. 1925 நிலநடுக்கத்தில் ஊர் தரைமட்டமானது. மீண்டும் கட்டி எழுப்பும்போது ஒரு விடுதி தனக்கென வெந்நீர்க் குளியலறை அமைத்தது. ஊற்று ஊர்ப் பொது என்று மற்றவர்கள் எதிர்க்க, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. விடுதிகள் சிறிய தொட்டி மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று 1950இல்தான் சமரசம் வந்தது. ஊரே ஒரு விடுதி, தெருக்கள் அதன் நடைகூடங்கள், பொதுக் குளியல்கூடங்கள்தான் குளியலறை என்பது இன்றும் இவ்வூர்க்காரர்களின் எண்ணம்.

குளியல்கூடங்கள் எல்லாவற்றையும் ஒரே மாலையில் முடித்துவிடத் துடிக்காதீர்கள். தண்ணீர் நல்ல சூடு, தலை சுற்றும். ஊற்றுநீரை ஒன்றாகச் சேர்த்துத்தான் எல்லாக் கூடங்களுக்கும் அனுப்புகிறார்கள், எனவே நீரில் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டடமும் சூழலும்தான் வேறு. இரண்டு மூன்று போதும், நடுவில் தண்ணீர் குடியுங்கள். எல்லாக் கூடங்களுக்கும் வார விடுமுறை ஒரே நாளில் வராது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் தயங்குவது உடை விஷயத்தில். நீச்சலுடை அனுமதி இல்லை, உடையில்லாமல்தான் குளிக்க வேண்டும். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. யாரும் யாரையும் கவனிப்பதில்லை. தொட்டிக்குள் இறங்கும் முன் சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு போட்டுத் தேய்த்து, நுரை துளிகூட இல்லாமல் அலசிவிட வேண்டும். சின்னத் துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பச்சை குத்தியிருப்பவர்களை ஜப்பானில் பல இடங்களில் விடமாட்டார்கள். இங்கே பொதுக் குளியல்கூடங்களில் அந்தத் தடை இல்லை.

யுகாதாவில் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டினால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

அப்புறம் சாப்பாடு. சைவக்காரர்கள் போய்ச் சேர்ந்தபின் சொன்னால் பலனில்லை. காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு இருக்கும், அதனால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நண்டுக் காலம், விடுதிக் கட்டணம் எகிறும். நண்டு வேண்டாதவர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் போகலாம். ஆற்றங்கரையில் செர்ரி பூத்திருக்கும்.