சிட்னியில் குறைந்த வாடகை வீடு: கவுன்சில் பாலிசியைப் படிப்பதும் விண்ணப்பிப்பதும்

நர்ஸ், முதியோர் பராமரிப்பு ஊழியர், சைல்ட்கேர் ஆசிரியர், பஸ் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகை வீடு என்று அறிவிப்பு வந்ததும் பலரும் உள்ளூர் கவுன்சிலுக்குத்தான் போன் போடுகிறார்கள். வீடு கவுன்சிலுடையதாகவே இருந்தாலும், ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வாடகை வசூலிப்பதும் பெரும்பாலும் ஒரு கம்யூனிட்டி ஹவுசிங் நிறுவனம்தான், அதாவது குறைந்த வாடகை வீடுகளை நிர்வகிக்கும் லாப நோக்கற்ற அமைப்பு. அந்த நிறுவனம் எது என்று கவுன்சில் இணையதளத்தில் 'அஃபோர்டபிள் ஹவுசிங்' பக்கத்தில் பார்த்து, நேரடியாக அவர்களிடம் விண்ணப்பியுங்கள். அரசு வீட்டுக்கான ஹவுசிங் பாத்வேஸ் பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட வேண்டாம். அந்த வரிசை வேறு, இந்த வரிசை வேறு.

அடுத்து அந்தத் திட்டத்தின் பாலிசியை, அதாவது யாருக்கு வீடு என்று சொல்லும் விதிமுறை ஆவணத்தைப் படியுங்கள். உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்பதைவிட வருமான வரம்புதான் முக்கியம். நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி குடும்ப வருமானம் மூன்று படிகளாகப் பிரிகிறது: சிட்னி பெருநகரத்தின் இடைநிலை (மீடியன்) குடும்ப வருமானத்தில் 50 சதவீதத்துக்குக் கீழே மிகக் குறைவு, 50 முதல் 80 வரை குறைவு, 80 முதல் 120 வரை மிதமானது. டாலர் கணக்கு ஆண்டுதோறும் மாறும். பெரியவர்கள், குழந்தைகள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தும் மாறும். பழைய அட்டவணையை நம்பித் தகுதி இல்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

இங்கே பார்ப்பது வரி பிடிக்கும் முன் உள்ள வருமானம், அதுவும் வீட்டில் சம்பாதிக்கும் எல்லோருடையதும் சேர்த்து. கைக்கு வரும் சம்பளத்தை எழுதிவிட்டு, பேஸ்லிப்பில் வேறு எண் இருப்பதால் விண்ணப்பம் திரும்பி வருவது சாதாரணமாக நடக்கிறது. நைட் ஷிப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். மருத்துவமனை ஊழியர்கள் சேலரி பேக்கேஜிங் தொகையை, அதாவது வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து செலவுகளுக்கு ஒதுக்கும் பணத்தை, விட்டுவிடுவதுண்டு. பேஸ்லிப்பில் அது தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும்.

வாடகைக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில இடங்களில் வருமானத்தில் 30 சதவீதம் வாடகை. வேறு சில இடங்களில் சந்தை வாடகையில் ஒரு தள்ளுபடி. பல நிறுவனங்கள் சந்தை வாடகையில் 74.9 சதவீதம் என்ற விசித்திரமான எண்ணை வைத்திருப்பதற்குக் காரணம் ஜிஎஸ்டி: தொண்டு நிறுவனம் சந்தை மதிப்பில் 75 சதவீதத்துக்குக் குறைவாக வாடகை வாங்கினால் அந்த வாடகை ஜிஎஸ்டி இல்லாததாகக் கருதப்படும். ஓர் உதாரணம் பாருங்கள். சந்தை வாடகை வாரம் 700 டாலர் என்றால் தள்ளுபடிக்குப் பின் 524.30. உங்கள் வார வருமானம் 1,500 டாலர் என்றால் அதில் 30 சதவீதம் 450தான். இப்போது வாடகை உங்கள் வருமானத்தில் 35 சதவீதம் ஆகிறது. வருமானம் வரம்புக்குள் இருந்தும், 'இந்த வாடகை உங்களுக்குத் தாங்காது' என்று மறுக்க வாய்ப்புண்டு. இந்த வீடு 30 சதவீதத்துக்குள் வர வாரம் சுமார் 1,750 டாலர் வேண்டும். ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும் முன் வாடகை எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். ஃபேமிலி டேக்ஸ் பெனிஃபிட் (குழந்தை வளர்ப்புக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்கள், அரசு உதவித்தொகைகளை வழங்கும் சென்டர்லிங்கின் வாடகை உதவிக்கும் தகுதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்த் தொடர்பு என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கும். அங்கே குடியிருப்பது மட்டும்தான் கணக்கா, வேலை செய்வதும் சேருமா என்று வரிக்கு வரி பாருங்கள். வேலையை வைத்து விண்ணப்பித்தால் பணியிட முகவரி குறிப்பிட்ட கடிதம் வேண்டும். தலைமை அலுவலக முகவரி போட்ட கடிதம் உதவாது.

அண்மைய பேஸ்லிப்புகள், வரி மதிப்பீட்டு நோட்டீஸ், வங்கி அறிக்கை, குடியுரிமை அல்லது நிரந்தர விசா ஆதாரம் ஆகியவற்றை முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். கேஷுவல் வேலை என்றால் ஒரு நல்ல வாரத்தின் பேஸ்லிப்பை மட்டும் கொடுக்காமல், சராசரி தெரியும்படி பல மாதக் கணக்கு கொடுங்கள். சொந்த வீடு இருந்தால் பெரும்பாலும் தகுதி கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வீடு எத்தனை ஆண்டுகளுக்கு இந்தத் திட்டத்தில் இருக்கும்? குறைந்த வாடகை வீடுகள் தருவதற்கு ஈடாகக் கூடுதல் உயரத்துக்கும் தளப்பரப்புக்கும் அனுமதி பெற்றுத் தனியார் கட்டிய கட்டடங்களில் பொதுவாக 15 ஆண்டுதான் கட்டாயம். அந்தக் காலம் முடிந்தபின் உரிமையாளர் சந்தை வாடகைக்குப் போகலாம். 12 ஆண்டு கழிந்த கட்டடத்தில் குடியேறினால் குழந்தையின் பள்ளி நடுவில் வீடு மாற வேண்டி வரும். கவுன்சிலே வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பயம் குறைவு.

வருமானத் தகுதியை அவ்வப்போது மறுபடி பார்ப்பார்கள். பதவி உயர்வு வந்தால் எவ்வளவு கூடும்வரை தங்க விடுவார்கள், வெளியேற எவ்வளவு அவகாசம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாண்ட் (முன்பணமாகக் கட்டும் வைப்புத்தொகை) நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. முன்வாடகை இரண்டு வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. இது மாநிலச் சட்டம், இந்த வீடுகளுக்கும் பொருந்தும்.