கிரிட்டா கையேட்டில் ஒரே ஒரு பத்தியைத் திருத்துவது எப்படி?

தருமபுரியில் ஃப்ளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். கணினியில் படம் வரைய எனக்கு கிரிட்டாதான். காசு கிடையாது, அதனால் கள்ளப் பிரதி தேட வேண்டிய வேலையும் கிடையாது. கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுமத்தில் வளர்ந்தது. ஸ்வீடிஷ் மொழியில் ‘கிரிட்டா’ என்றால் சாக்கட்டி என்று அர்த்தமாம்.

இந்த நிரலுக்கு இணையத்தில் பெரிய கையேடு ஒன்று இருக்கிறது. முகவரி: டாக்ஸ் டாட் கிரிட்டா டாட் ஓஆர்ஜி. அதில் இருக்கும் பக்கங்களை நீங்களும் நானும்கூடத் திருத்தி அனுப்பலாம். இது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. ‘அதெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்கள் வேலை’ என்று இருந்துவிட்டேன். அப்படி இல்லை. வரையத் தெரிந்து, ஒரு விஷயத்தை அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லவும் வந்தால் போதும். முழுக் கையேட்டையும் நாம் தொடப்போவதில்லை. ஒரே ஒரு பத்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: தெரியாதவரை உட்கார வைத்துவிட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள்

கையேட்டில் எங்கே ஓட்டை என்று நாமே படித்துப் பார்த்தால் தெரியாது. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஓட்டையைத் தாண்டி மனசு போய்விடும். புதிதாக வருபவர்தான் சரியாக அதில் காலை விடுவார்.

என் கதையையே சொல்கிறேன். கடைப் பையன்களுக்காக நானே தமிழில் நாலு பக்கக் குறிப்பு ஒன்று அடித்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோடை விடுமுறைக்கு அக்கா மகள் வந்தாள். எங்கள் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரை, வயல்வரப்பு என்று எங்கே பார்த்தாலும் ஒன்று நிற்கும். அப்படி ஒன்றைப் போனில் படம் எடுத்து வந்து, அதன்மேல் கோடு போட்டு வரையவேண்டும் என்றாள். குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், “மாமா, வரைய வரைய அழிஞ்சிட்டே போகுது” என்கிறாள். பார்த்தால், வீரனின் வாள் இருந்த இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். தெரியாமல் கீபோர்டில் ஆங்கில ‘ஈ’ விசையைத் தட்டிவிட்டாள். கிரிட்டாவில் அதைத் தட்டினால் கையில் இருக்கும் பிரஷ்ஷே அழிப்பானாக மாறிவிடும். மறுபடி தட்டும் வரை அப்படியேதான் இருக்கும். போதாததற்குப் புது லேயர் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கு) போடாமல் போட்டோவின் மேலேயே வரைந்திருக்கிறாள். பிரஷ் போன இடமெல்லாம் கல்லில் ஓட்டை.

என் குறிப்பில் இது இருந்ததா? இருந்தது. ‘அழிப்பதற்கு ஈ விசையைப் பயன்படுத்தவும்’ என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. தவறே இல்லாத வாக்கியம். ஆனால் அவள் அழிக்கவேண்டும் என்று நினைக்கவே இல்லையே, அந்த வரியைத் தேடி ஏன் போவாள்? அவள் கையில் இருந்தது ‘வரைய மாட்டேங்குது’ என்ற தொல்லை மட்டும்தான். அந்தத் தொல்லையின் பெயரில் என் நாலு பக்கத்திலும் ஒரு தலைப்புகூட இல்லை.

நீங்களும் இப்படி ஒருவரை உட்கார வையுங்கள். தங்கையோ பக்கத்துக் கடைக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. கையேட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். நடுவில் உதவி செய்யாதீர்கள், இதுதான் கஷ்டம். ஒரு தாளில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வரியில் நின்றார், மவுஸ் எங்கே போய்த் தேடியது, வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன. மூன்றாவதை அவர் சொன்னபடியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். தலைப்பு அதிலிருந்துதான் வரும்.

படி 2: அது எந்த அறைக்குப் போகும் என்று பாருங்கள்

கிரிட்டா கையேட்டில் சில பெரிய பிரிவுகள் உண்டு. புதியவருக்கு யூசர் மேனுவல். நிறம், ஒளி, பார்வைக்கோணம் மாதிரிப் பொதுவான விஷயங்களுக்கு ஜெனரல் கான்செப்ட்ஸ். ஒவ்வொரு கருவியையும் பட்டனையும் விவரிக்க ரெஃபரன்ஸ் மேனுவல். அப்புறம் டுடோரியல், கேள்வி பதில் எல்லாம் தனித்தனி. ‘வரையமாட்டேன் என்கிறது’ என்பதைக் கொண்டுபோய் ரெஃபரன்ஸில் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். அது கேள்வி பதிலுக்கோ, புதியவருக்கான பக்கத்துக்கோதான் பொருந்தும்.

பக்கம் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்றும் பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த 5.0-வில் பிரஷ், பேலட் முதலியவற்றை நிரல் வைத்துக்கொள்ளும் முறையே மாறிவிட்டது. அதற்கு முந்தைய குறிப்பு ஏதாவது ‘கோப்பைக் கொண்டுபோய் இந்த ஃபோல்டரில் போடு’ என்று சொன்னால், இன்றைக்குச் செய்கிறவர் விழிப்பார்.

படி 3: எழுதுங்கள், ஒவ்வொரு வரியையும் கையால் செய்துகொண்டே

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். முதலில் நான் எழுதியது இப்படி இருந்தது:

‘பிரஷ் கருவியின் கலவை முறை மாற்றப்படும்போது அழிப்பு நிலை செயல்படுத்தப்படுகிறது. இந்நிலையை நீக்க மேற்கண்ட விசை மீண்டும் பயன்படுத்தப்பட வேண்டும்.’

படித்தால் பத்திரப் பதிவு ஆபீஸ் தாள் மாதிரி இருக்கிறது. யார் செய்ய வேண்டும், என்ன தெரியும், ஒன்றும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு, இப்படி மாற்றினேன்:

‘வரைந்தால் கோடு விழாமல் அழிகிறதா? மேலே உள்ள பட்டையில் அழிப்பான் படம் போட்ட பட்டனைப் பாருங்கள். அது அழுத்தியபடி இருந்தால் நீங்கள் அழிப்பு நிலையில் இருக்கிறீர்கள். ஈ விசையை ஒருமுறை அழுத்துங்கள். பட்டன் பழைய நிலைக்குத் திரும்பும், கோடு விழும்.’

இதில் கவனித்திருப்பீர்கள்: முதலில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம், அடுத்து கை செய்யவேண்டியது, கடைசியில் சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்பது. கடைசியை நிறைய பேர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் படிப்பவர் ஈ-யை நாலு தடவை தட்டிவிட்டு மறுபடி அழிப்பிலேயே நிற்பார்.

ஆனால் இதோடு முடியாது. ஒரே தொல்லைக்குப் பல காரணம் இருக்கும். நான் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே செய்து கெடுத்துப் பார்த்தேன். பிரஷ் பட்டியலில் அழிப்பான் பிரஷ் என்றே சில உண்டு. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஈ விசை உதவாது, வேறு பிரஷ்ஷை எடுக்க வேண்டும். சாய்கோடு விசையை அழுத்தினால் இதற்கு முன் வைத்திருந்த பிரஷ் திரும்பி வரும். இன்னொன்று, கண்ணில் படாத மூலையில் சின்னதாக ஒரு செலக்‌ஷன் இருந்தால் அதற்கு வெளியே எதுவும் விழாது; கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் செலக்‌ஷன் போய்விடும். லேயர் பூட்டியிருக்கலாம், மறைத்தும் இருக்கலாம். இத்தனையையும் எந்த வரிசையில் எழுதுவது? அடிக்கடி நடப்பது முதலில், சட்டென்று சோதித்துப் பார்க்க முடிவது அதற்கடுத்து. அகர வரிசை வேண்டவே வேண்டாம்.

பெயர் குழப்பத்தையும் இந்த இடத்திலேயே தீர்த்துவிடுங்கள். இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் என்று தொடங்கும் வரி ஒன்று, ரீசைஸ் கேன்வாஸ் என்று இன்னொன்று. என் பழைய குறிப்பில் ‘படத்தின் அளவைப் பெரிதாக்கவும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். கடைப் பையன் கேன்வாஸைப் பெரிதாக்கிவிட்டான். பத்துக்கு ஆறு பேனரின் நடுவில் தபால் தலை மாதிரி ஒரு மாப்பிள்ளை பெண். பிரிண்டுக்குப் போகும் முன் பார்த்துவிட்டோம், தப்பித்தோம். ஒரு வரி போதும்: ஸ்கேல் என்றால் படமே பெரிதாகும், கேன்வாஸ் என்றால் சுற்றியிருக்கும் தாள்தான் பெரிதாகும். மெனுவில் இருக்கும் பெயரையே எழுதுங்கள். நீங்களாகத் தமிழாக்கிய பெயரைத் தேடினால் திரையில் கிடைக்காது.

படி 4: ஸ்கிரீன்ஷாட்

முழுத் திரையையும் எடுக்காதீர்கள். பட்டன், அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். மெனு, பட்டன் மாதிரிப் படங்களை பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நீங்கள் திரையின் நிறத்தையெல்லாம் மாற்றி வைத்திருந்தால் படம் எடுப்பதற்கு முன் பழையபடி வையுங்கள்.

படத்துக்குள்ளேயே சிவப்பு எழுத்தில் விளக்கம் எழுதுவது நம் ஊர் பழக்கம், எனக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். கையேடு பல மொழிகளுக்குப் போகிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை மொழிபெயர்ப்பவரால் மாற்ற முடியாது. அம்புக்குறி போதும். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்று விவரமும் கொடுங்கள், பார்வையில்லாதவர்களுக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும்.

படி 5: அனுப்புங்கள்

கேடிஇ-யில் ஒரு கணக்கு தொடங்குங்கள், இலவசம்தான். அதை வைத்து இன்வென்ட் டாட் கேடிஇ டாட் ஓஆர்ஜி என்ற தளத்தில் நுழையலாம். அங்கே டாக்குமென்டேஷன் குழுவுக்குள் கிரிட்டா கையேட்டின் கோப்புகள் இருக்கின்றன. பக்கத்தின் கோப்பைத் திறந்து எடிட் கொடுத்தால், உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லும். சரி என்று சொல்லிவிட்டு அதில் திருத்துங்கள். முடித்தபின் மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். ‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று போடும் மனுதான் அது. ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும். நாலைந்தை ஒன்றாகக் கட்டி அனுப்பினால், ஒன்றில் சிக்கல் வந்தாலும் மற்றவையும் சேர்ந்து நிற்கும்.

கோப்பு ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்ற எளிய எழுத்து வடிவில் இருக்கும். ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி அதை இணையப் பக்கமாக மாற்றுகிறது. தலைப்புக்குக் கீழே === என்று கோடு போடுவார்கள்; அது தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால் எச்சரிக்கை வரும். பத்திக்கும் பட்டியலுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விடுங்கள். வரித் தொடக்கத்தில் இருக்கும் இடைவெளிகளைக் கலைக்காதீர்கள், அவற்றுக்கும் பொருள் உண்டு. மெனு பெயருக்கும் விசைக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன: இரண்டு முக்காற்புள்ளிக்கு (:) நடுவே ஒரு சொல், அதை ஒட்டி, கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த குறிக்குள் பெயர். மனப்பாடம் செய்ய வேண்டாம், மேலே இருக்கும் பத்தியில் எப்படி எழுதியிருக்கிறார்களோ அதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

மூலக் கோப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் அதற்குள் போகாது. அது கேடிஇ-யின் மொழிபெயர்ப்புக் குழு வழியாகத் தனிக் கோப்பில் போகிறது. ‘நமக்கு இங்கிலீஷ் வராதே’ என்று பின்வாங்காதீர்கள். என்னுடையது பத்திரிகை அடிக்கும் இங்கிலீஷ்தான். ஈ விசையை அழுத்து, பட்டன் மேலே வரும் என்பதற்கு எத்தனை இங்கிலீஷ் வேண்டும்? நான் அனுப்பியதில் இலக்கணம் இரண்டு இடத்தில் இடித்தது, சரிபார்த்தவர் பொறுமையாகச் சுட்டிக்காட்டினார். மாற்றி அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்.

வேறு யாருடைய கட்டுரையிலிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள். கையேடு குனூ கட்டற்ற ஆவண உரிமத்தில் வெளியாகிறது; நீங்கள் கொடுப்பதையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். அடுத்தவர் எழுத்தை அப்படிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

படி 6: வேறொருவரிடம் மறுபடி கொடுங்கள்

முதலில் உட்கார்ந்தவரிடமே கொடுத்தால் பயனில்லை, அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அக்கா மகள் நடுகல்லைப் புது லேயரில் வரைந்து முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அதனால் கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் புதுப் பத்தியைக் கொடுத்தேன். அழிப்பு நிலையை நானே போட்டுவைத்துவிட்டு, “ஒரு கோடு போடு” என்றேன்.

படித்தான். மேலே பார்த்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மவுஸை ஓட்டினான். “அண்ணா, அந்த பட்டனே இல்லையே?”

எட்டிப் பார்த்தேன். பழைய சின்ன மானிட்டர். இடம் போதாமல் பாதிப் பட்டன்கள் பட்டையின் வலக்கோடியில் இருக்கும் இரட்டை அம்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தன. தாளை எடுத்து நாலாவது வரியாக அதையும் குறித்துக்கொண்டேன்.